சோப்பு தடவிய பெல்ட்டும் வெள்ளிமலை ஏற்றமும்

காலை எட்டே காலுக்குக் கள்ளக்குறிச்சியை விட்டுக் கிளம்பினோம். வெள்ளிமலைக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர். என் மனைவி கலா ஒன்பது வருடம் ஒப்பந்தச் செவிலியராக இருந்து, இப்போதுதான் நிரந்தரப் பணி ஆணை வாங்கியிருந்தாள். மலைமேல் உள்ள சுகாதார நிலையத்தில் சேர அன்றுதான் கடைசி நாள், அதுவும் நண்பகலுக்குள். ஆறரை மணி பஸ்ஸில் போய்விடலாம் என்றாள். சொந்தக் காரை வைத்துக்கொண்டு முதல் நாளே பஸ்ஸில் கசங்கிப் போவதா என்று நான்தான் மறுத்தேன்.

கார் பழையது. ஒரு வாரமாக இன்ஜினில் கீச்சென்று சத்தம். முந்தின நாள் மாலை புறவழிச்சாலையோரம் ஒரு பட்டறையில் காட்டினேன். கழற்றிப் பார்க்க வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார் மெக்கானிக். இரண்டு நாள் என்றால் பில் எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியாதா? சத்தம் நின்றால் போதும், காலையில் மலைக்குப் போக வண்டி வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். பத்தே நிமிடத்தில் சத்தம் நின்றது. நூற்றைம்பது ரூபாய்.

ஒன்பது மணிக்குக் கச்சிராயபாளையத்தில் டீ, பன்னிரண்டு ரூபாய், வெறும் வெந்நீர். அந்தக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே மலையேறினேன்.

ஒன்பதே முக்காலுக்கு ஒரு வளைவில் கடகடவென்று சத்தம். பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது, ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது, சூட்டு முள் ஏறியது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். பெல்ட் கழன்று தொங்கியது. இன்னும் பதினான்கு கிலோமீட்டர் இருந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை. மேலே போன இரண்டு பைக்கிலும் மூன்று மூன்று பேர். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். கலா ஆணைக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பத்தேகாலுக்கு மேலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது. நான் கை காட்டுமுன்பே நின்றது. பயணிகள் ஒன்பது பேரும் இறங்கி, யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு கல் எடுத்துவந்து என் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். இந்த மலையில் நின்றுபோன வண்டிக்கு அதுதான் முதல் உபசாரம் போலும். எங்கள் தெருவில் வண்டி நின்றால் பின்னாலிருந்து ஹாரன்தான் கிடைக்கும்.

ஓட்டுநர் சடையன் முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தார். பெல்ட்டை விரலால் தடவி என்னிடம் நீட்டினார். துணி சோப்பு வாசனை.

"சத்தம் அடங்கறதுக்கு பெல்ட்டு பூரா சோப்பு போட்டுக்கீறாங்க. பெல்ட்டு சுத்தற கிராங்க் புல்லி லூசாகி ஆடிக்கினு இருக்குது. அது கத்தாம இன்னாங்க பண்ணும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நூற்றைம்பது ரூபாய்க்கு சோப்பா? மலைச்சாலைக்குப் போகிறேன் என்று சொல்லியும் இப்படிச் செய்தவன் மனுஷனா?

புல்லியை இன்ஜின் தண்டோடு பிணைக்கும் சின்ன இரும்புத் துண்டு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. காலி கூல்டிரிங்க்ஸ் டப்பாவில் ஒரு கீற்று வெட்டி அதன் பக்கத்தில் செருகினார். வண்டியை கியரில் போட்டு என்னை பிரேக்கை மிதிக்கச் சொன்னார். ஸ்பேனரில் ஒரு குழாயை மாட்டி, இரண்டு பேராகத் தொங்கி போல்ட்டை முறுக்கினார்கள். பெல்ட்டைத் துடைத்து மாட்டி, சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றினோம். சந்தைக்குப் போகவேண்டிய அந்த ஒன்பது பேரும் ஒரு மணி நேரம் முணுமுணுக்காமல் நின்றார்கள். மெதுவாகப் போங்கள், இறங்கியதும் புது போல்ட் போடுங்கள் என்று சொல்லிவிட்டு சடையன் கிளம்பினார்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கலா வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.

மாலை ஐந்தரைக்கு அவளோடு நேரே பட்டறைக்குப் போனேன். வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவு முழுவதையும் கொட்டினேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"தொறந்து பாக்கணும், ரெண்டு நாள் ஆவும்னு சொன்னேன். சத்தம் நின்னா போதும்னது நீங்கதாங்க."

அதே வார்த்தை. பதில் சொல்லத் துணைக்குக் கலாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"வண்டிய ரெண்டு நாள் இங்கயே வுட்டுட்டு வாங்க," என்றாள். "நாளைலேர்ந்து நான் ஆறரை பஸ்லயே போய்க்கிறேன்."

சாவியை மெக்கானிக்கிடம் கொடுத்தேன்.