பல்லைக் காட்டும் மஞ்சள் மூஞ்சி

விக்கிரவாண்டியில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டராக இருக்கும் திருமுருகனுக்கு, ‘முடியாது’ என்ற ஒரு சொல் மட்டும் வாயில் வராது. யாரிடம் மாட்டினாலும் பல்லை இளிப்பான். செல்போன் வந்த பிறகு அந்தச் சிரமமும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முழிக்கும் மஞ்சள் மூஞ்சி ஒன்று அதில் இருக்கிறதே, அதைத் தட்டிவிடுவான். ‘சங்கடமா இருக்குது, மன்னிச்சுக்கோ’ என்பது அவன் வைத்துக்கொண்ட அர்த்தம். மற்றவர்கள் கண்ணுக்கு அது இளிப்பு. அந்த மடையனுக்கு இதை யார் போய்ச் சொல்வது?

திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா பொன்னியின் மகள் சங்கவிக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டி மாலை போட வேண்டும். பொன்னிக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்றால் இவன் ஒருத்தன்தான். மாமியார் வீட்டில் அவள் தலை நிமிர்வதும் குனிவதும் அன்றைக்கு இவன் கையில் இருந்தது. இந்தத் துரை லீவு கேட்டானா? முதலாளி முகத்தைப் பார்த்ததும் பல்லை இளித்துவிட்டு வந்தான். அன்றைக்கும் போய்ப் பரோட்டாக் கல் முன்னால் நின்றான்.

‘எங்க வந்துக்கினு இருக்க? எல்லாரும் உனக்காகத்தான் காத்துக்கினு இருக்காங்க’ என்று பொன்னி செய்தி அனுப்பினாள். மாவுக் கையோடு அவன் தட்டிவிட்டான்: 😬

பொன்னியின் நாத்தனார் அந்தப் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அது கைமாறிக் கைமாறிப் பந்தல் முழுக்கப் போனது.

“பொறந்த வூட்டு சீரு வந்துட்டுது, பாருங்க. வெறும் பல்லு,” என்றாள் மாமியார்.

சிரிக்காதவர்கள் பாக்கியில்லை. பொன்னி புருஷனின் சித்தப்பா ஒருவர் தாய்மாமன் இடத்தில் நின்று மாலை போட்டார். பொன்னி அழவில்லை. பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்ந்த பிறகு சீர்த்தட்டோடு வந்து நின்றான் திருமுருகன்.

“வர முடியலன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா, நானே எதுனா சொல்லி சமாளிச்சிருப்பேன்டா,” என்றாள் பொன்னி. “சிரிச்சி அனுப்பினியே.”

“அது சிரிப்பு இல்லக்கா.”

அவள் தட்டைத் தொடவில்லை.

ஆவணியில் அவனுக்கே கல்யாணம் கூடி வந்தது. தாலியின் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டால், மற்ற இரண்டும் அவன் அக்காள் போட வேண்டும். பத்திரிகை வைக்கப் போனவனிடம், “வர்றேன், நான்தானே முடிச்சு போடணும்,” என்றாள் பொன்னி. அவன் அங்கேயே அழுதுவிட்டான். அப்புறம் பெண் வீட்டார் அத்தனை பேரிடமும், “எங்க அக்கா வருது,” என்று சொல்லித் திரிந்தான்.

பனமலைக் கோயிலில் முகூர்த்தம். தாலி எல்லார் கையும் பட்டு வந்துவிட்டது. குருக்கள், “பொண்ணுக்கு நாத்தனார் எங்க?” என்றார். திருமுருகன் போனை எடுத்து, ‘எங்கக்கா இருக்க? தாலி கட்டப் போறேன்’ என்று அனுப்பினான்.

பதில் உடனே வந்தது.

😬

மணப்பெண் பானுப்ரியா எட்டிப் பார்த்து, “யாருங்க சிரிக்கிறாங்க?” என்றாள்.

“உங்க அக்கா வர்றாங்களா, இல்லியா மாப்ள?” என்று அவள் அம்மா அதட்டினாள். நாதஸ்வரக்காரர் வாசிக்காமல் இவனையே பார்த்தார். ‘வர மாட்டாங்க’ என்று சொல்ல வேண்டியதுதானே? பாவி, பல்லைக் காட்டினான்.

“மாப்ளைக்கு இருக்கிற சந்தோஷத்தைப் பாரு,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.