காலைப் பார்வை

கண்ணாடிக் குச்சியின் நுனி மீனின் வாலோரத்தை மெல்லத் தொடுகிறது. மீன் துள்ளி விலகுகிறது. குச்சி தண்ணீரை விட்டு வெளியே வராமல் அடுத்த மீனிடம் போகிறது. பிடித்திருக்கும் விரல்களில் நகத்தைச் சுற்றித் தோல் வெளுத்து உரிந்திருக்கிறது.

தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகிறது. விரலளவு மீன்கள் முதலில் வேகமாகச் சுற்றும். பிறகு மேலே வந்து வாயைத் திறக்கும். பிறகு ஒன்று பக்கவாட்டில் சரியும். குச்சியால் தொட்டும் அது நிமிராவிட்டால் ஒரே ஒரு சொல் வரும்.

"சாஞ்சிருச்சு."

மீன் எவ்வளவு சூடு தாங்கும் என்று ஆராயும் மேடம் பக்கத்து மேசையில் வெப்பநிலையைப் படித்துக் குறித்துக்கொள்வார். அதற்குள் மறுகை வலையால் மீனை அள்ளிக் குளிர்ந்த வாளியில் விட்டிருக்கும்.

அந்த ஆய்வுக்கூடத்தில் குச்சி பிடிப்பவரை எல்லோரும் தொட்டியக்கா என்றார்கள். தரை துடைக்க வந்தவர். தொட்டியைக் கழுவச் சொன்னார்கள், கழுவினார். தீனி போடச் சொன்னார்கள், போட்டார். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பாசி வழித்துக்கொண்டே பார்த்தது கண்ணில் படிந்தது. சும்மா ஒருக்களிக்கும் மீன் எது, சாய்ந்த மீன் எது என்று அவர் சொன்னால் மேடம் திரும்பிக் கேட்பதில்லை.

அங்கே இரண்டு விதிகள் உண்டு. ஒரு தொகுதி மீன்களைப் பார்க்க ஆரம்பித்த கண்ணே பார்த்து முடிக்க வேண்டும். ஒருவருக்குச் சாய்ந்ததாகப் படுவது இன்னொருவருக்கு அப்படிப் படாது. நடுவில் ஆள் மாறினால் தொகுதி குப்பைக்குப் போகும். அடுத்தது, வாளியில் நிமிர்ந்துவிட்டதே என்று பிழைத்த கணக்கில் சேர்க்கக் கூடாது. சூட்டில் உள்ளே வெந்தது வெளியே தெரியாது. மறுநாள் அதே கண் வந்து பார்க்க வேண்டும். செவுள் அசைந்தால் உயிரோடு, அசையாவிட்டால் செத்தது. நடுவில் வேறு கட்டம் கிடையாது. அதற்குக் காலைப் பார்வை என்று பெயர்.

கணவர் ஒரு சலவை ஆலையில் நீராவி உருளைக்குப் பக்கத்தில் நின்று துணி தள்ளுபவர். சாப்பிடும்போது கேலி செய்வார். "உன் மீனுக்குக் குடுத்து வச்சிருக்கு. சுட்டா தூக்கிக் குளுந்த தண்ணியில போட நீ இருக்க. எங்களுக்கு மேஸ்திரிதான இருக்கான்!"

"உங்களையும் வலை போட்டுத் தூக்கணுமா? தொப்பைக்கு வலை தாங்காது."

அந்தக் கோடையில் ஆலையின் காற்றாடி பழுதாகிக் கிடந்தது. சரிசெய்ய ஆளைக் காணோம். லீவு போடுங்கள் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். போட்டால் அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள் என்றார் கணவர்.

அன்று தொட்டியில் இருந்தவை, வற்றிப்போன ஓர் ஏரியிலிருந்து கடைசியாக அள்ளி வந்த மீன்கள். ஏரி இப்போது வெடித்த சேறு. இந்தத் தொகுதி கெட்டால் மறுபடி செய்ய மீன் இல்லை. பாதி சாய்ந்திருந்தபோது அக்காவின் போன் அடித்தது. கை ஈரம். மேடம் எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்தார்.

"அக்கா, பயப்படாதீங்க," என்றார் ஆலை மேஸ்திரி. "கொஞ்சம் மயக்கம் போட்டுட்டாரு. தண்ணி தெளிச்சோம், எழுந்து உக்காந்துட்டாரு. இந்தாங்க, அவர்கிட்டயே பேசுங்க."

"ஒண்ணுமில்லடி," என்றார் கணவர். "வீட்டுச் சாவி எங்க?"

"உங்க சட்டைப் பையிலதான். தலை சுத்துதா?"

"இல்ல. குளிருது. சாவி எங்க வச்ச?"

"பையிலன்னு சொன்னேனே. நிழல்ல படுங்க, வந்துடறேன்."

கண் தொட்டியை விட்டு நகரவில்லை. ஒரு மீன் சரிந்துகொண்டிருந்தது.

மேடம் போனை வைத்தார். "அக்கா, போறதுன்னா போங்க. நிறுத்திடலாம்."

"எழுந்துட்டாராம் மேடம். முடிச்சுட்டுப் போறேன். சாஞ்சிருச்சு, எழுதிக்குங்க."

முடித்தார். கடைசி மீனும் வாளியில் நிமிர்ந்து நீந்தியது. நீந்திப் போய் வாளியின் சுவரில் முட்டியது. திரும்பி வந்து அதே இடத்தில் முட்டியது. மறுபடியும் அதே இடம். அக்கா வாளியைப் பார்த்தபடி நின்றார். உருளைக்குப் பக்கத்தில் நிற்பவருக்குக் குளிர்கிறதாம். சொன்ன பதிலைக் கேட்காமல் சாவியையே கேட்டார். குச்சி கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. காலில் செருப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஓடினார்.

ஆலைக்குப் போனபோது கணவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நிழலில் படுத்திருந்தவருக்குக் கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்திருக்கிறது. மீண்டும் எழவில்லை. டாக்டர் மறைக்காமல் சொன்னார். "உடம்பு சூட்ட இறக்கிட்டோம். ஆனா லேட்டா வந்திருக்கார்மா. மூளைக்கு அடி விழுந்திருக்கு. மூச்சு விடுறார், உயிருக்கு இனி ஆபத்தில்ல. பேசுறது, ஆள அடையாளம் தெரியறது, அதெல்லாம் திரும்ப வரும்னு நம்பாதீங்க."

விடிந்ததும் அக்கா கணவரின் நெற்றியைத் துடைத்துவிட்டு எழுந்தார். தலைமாட்டில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"கூடத்துக்கு. ஒரு வேலை பாக்கி. முடிச்சுட்டு ஓடி வந்துடறேன் அண்ணி."

"போம்மா, போ. என் தம்பி எங்கயும் எழுந்து போயிட மாட்டான். மீன் காத்துக்கிட்டு இருக்கும்ல."

அக்கா வெளியே நடந்தார். அந்த மீன்களுக்காகத்தான் அவர் கணவரிடம் போகாமல் நின்றார். அதையும் பாதியில் விட்டால் எதற்காக நின்றார்?

மேடம் வாளிகளைத் தொடாமல் வைத்திருந்தார். அக்கா உள்ளே வந்ததைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்தார். தொட்டியின் அடியில் கிடந்த குச்சியை அக்கா எடுத்துத் துடைத்தார். ஒவ்வொரு வாளியாகக் குனிந்து பார்த்தார். செத்தவற்றை ஈரத்துணி விரித்த தட்டில் வரிசையாக வைத்தார். பிழைத்தவை கொஞ்சம்தான்.

கடைசி வாளியில், நேற்று சுவரில் முட்டிய அந்த மீன் அடியில் கிடந்தது. குச்சியால் வாலோரத்தைத் தொட்டார். அசையவில்லை. தலைப்பக்கம் தொட்டார். கண்ணுக்கு எதிரே குச்சியை ஆட்டினார். ஒன்றுமில்லை. செவுள் மட்டும் மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றார் மேடம், தாழ்ந்த குரலில். "அதை எதுல சேர்க்க?"

அக்கா நிமிர்ந்தார். ஒரு கையில் தட்டையும் மறு கையில் அந்த வாளியையும் எடுத்துப் போய் மேடத்தின் மேசையில் வைத்தார்.

"மூச்சு இருக்கு. உயிரோடன்னே எழுதிக்குங்க."

பிறகு குச்சியையும் துடைத்துத் தட்டின் ஓரத்தில், செத்த மீன்களின் வரிசையோடு வைத்தார்.