லோகேஸ்வரியின் வெட்டாத பதிவுகள்

காலை ஏழு மணிக்கு முனிரத்தினம் போன் செய்தார். "ண்ணா, லோகா பூட்டா" என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எத்தன மணிக்கு எடுக்கறீங்க? தெலுங்குலயும் பேசணுமா?" சாவு அறிவிப்புக்கு யார் கூப்பிட்டாலும் கேட்கிற கேள்விகள். வாய் தானாகக் கேட்டுவிட்டது. மனைவியைப் பறிகொடுத்த மனிதர், "மூணு மணிக்கு. ரெண்டுலயும் பேசிடுண்ணா" என்று பதில் சொன்னார்.

புத்தூர், நகரிப் பக்கத்தில் இருக்கும் உங்களில் பலருக்கு லோகேஸ்வரியின் முகம் தெரியாது, குரல் தெரியும். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, திருவிழா, சாவு, எதுவானாலும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு உங்கள் தெருவுக்கு வந்த குரல். தமிழில் ஒருமுறை, மூச்சு வாங்காமல் தெலுங்கில் ஒருமுறை. அதைப் பதிவு செய்தவன் நான். புத்தூரில் ஒரு மாடி அறையில் பதினோரு வருடம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

சாலை இரைச்சல் விழக் கூடாது என்று கதவைச் சாத்துவேன். மைக்கில் கேட்கும் என்று மின்விசிறியை நிறுத்துவேன். பிறகு கணினி முன்னால் உட்கார்ந்து சிகரெட் பற்றவைப்பேன். அவர் வாழ்நாளில் பீடியைக்கூடத் தொட்டதில்லை. அந்த அறையில் நான் விட்டதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்.

சில வருடங்களில் அவர் குரல் கரகரத்தது. மடையன் நான், சந்தோஷப்பட்டேன். "இப்பதாம்மா கொரல்ல வெயிட்டு வந்துகீது" என்றேன். சாவு வீட்டுக்காரர்களும் அந்தக் குரலையே கேட்டு வாங்கினார்கள். கேட்டாலே அழுகை வருகிறதாம். ஜவுளிக்கடைக்காரர்கள் மட்டும் வேறு பெண்ணைத் தேடிப் போனார்கள். "கல்யாணப் பொடவைக்கு வேற ஆளு, பொணத்துக்கு நானு. நல்லாகீதுண்ணா என் பொழப்பு" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. வழக்கம்போல அந்த இருமலை வெட்டிவிட்டுப் பதிவை அனுப்பினேன்.

குரல் அடியோடு அடைத்துக்கொண்ட பிறகுதான் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், "வீட்டுல யாரு சிகரெட் பிடிப்பாங்க?" என்று கேட்டார். "யாரும் இல்ல சார்" என்றார் முனிரத்தினம். "வேலை செய்யற இடத்துல?" லோகேஸ்வரி என்னைப் பார்க்கவே இல்லை. "ரோட்டுப் பொகதான் சார்" என்று கிசுகிசுத்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் இருந்தது. படியிறங்கும்போது லோகேஸ்வரிதான் கேட்டார்: "ஏண்ணா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு வர? எதுனா துன்னியா?"

குரல்வளையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் செல்போனில் தட்டித் தட்டித்தான் பேசினார்.

அவருடைய சாவு அறிவிப்பை நானே பேசினேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் ஆட்டோவில் ஒலி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

காரியம் முடிந்ததும் முனிரத்தினம் பென் டிரைவோடு வந்தார். "பாப்பா அவங்கம்மா கொரல கேக்குதுண்ணா. சாவு சேதி வாணாம். சும்மா பேசனது எதுனா கீதான்னு பாரு." வெட்டுவதற்கு முந்தைய பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரு அறிவிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் லோகேஸ்வரி பேசுகிறார். "ண்ணா, அத வெளிய போய் புடிச்சிட்டு வாயேன். தொண்ட எரியுது." என் குரல்: "கடைசி ரெண்டு இழுப்பு. நீ பேசும்மா." அவர் இருமுகிறார். பிறகு பேசத் தொடங்குகிறார். அடுத்த பதிவிலும் அப்படித்தான். அதற்கடுத்த வருடப் பதிவிலும். அத்தனையையும் காதில் கேட்டுத்தான் வெட்டியிருக்கிறேன். ஒன்றுகூட ஞாபகமில்லை.

சிகரெட்டை விட்டுவிட்டேன். யாருக்கு என்ன பிரயோஜனம்?

லோகேஸ்வரி சும்மா பேசியதாக என்னிடம் இருப்பது அவ்வளவுதான். என் குரலையும் வெட்டாமல் அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒரு நகலை நான் வைத்துக்கொண்டேன். ஒன்பது நாளாகிறது. முனிரத்தினம் இன்னும் போன் செய்யவில்லை.