டம்ளரின் அடியில் சிவப்புப் பொட்டு

எங்கள் பாத்திரக் குழு என் பேரனின் காதுகுத்தில் தொடங்கியது என்று சொல்லலாம். திண்டிவனத்தில் எங்கள் நகரின் கடைசித் தெருவில் என் வீடு. மாடியில் பந்தல் போட்டு, வந்தவர்களுக்குப் பேப்பர் கப்பில் காபியும், ரோஜாப்பூ அச்சிட்ட பிளாஸ்டிக் தட்டில் சாப்பாடும் கொடுத்தோம். எச்சில் மூட்டைகளைச் சமையல்காரரின் ஆட்கள் வண்டியில் ஏற்றிப் போனார்கள். எங்கே கொட்டுவீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் ஏரி வாய்க்கால் அடைத்துக்கொண்டு, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலனிக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு பார்க்கப் போனேன். ஒரு வீட்டு வாசலில் ரோஜாப்பூத் தட்டுகள் சேற்றில் ஒட்டிக் கிடந்தன. அது சிஸ்டர் வீடு.

சிஸ்டர் விழுப்புரத்தில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். நான் அதே ஊரில் கல்லூரியில் வேதியியல் நடத்தினேன். ஒரே பாசஞ்சர் ரயிலில் வருஷக்கணக்காகப் போய் வந்தோம். இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அவர் சிஸ்டர்தான், அவருக்கு நான் சார்தான். என் மனைவிக்குச் சர்க்கரையால் காலில் வந்த புண் ஆறாமல் இழுத்தபோது, அவர் தினமும் வந்து கட்டுப் போட்டார். கூடவே வரும் அவருடைய மகள் என் மனைவியைப் பெரியம்மா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டாள்.

சிஸ்டர் அன்று தென்னம்மட்டையால் சேற்றை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். தட்டைக் காட்டி, இது எங்கள் வீட்டு விசேஷத்துத் தட்டு என்றேன்.

"தெரியும் சார். நானும்தான் அதுல சாப்பிட்டேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் சிலர் கூடினோம். ஒருவர் மரக்கன்று நடலாம் என்றார். இன்னொருவர், பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று தெருமுனையில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் கட்டலாம் என்றார். சிஸ்டருக்குச் சிரிப்பு வந்து புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். வழி சொன்னது என் மனைவி. ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் சீர்வரிசையாக வந்த எவர்சில்வர் சும்மா கிடக்கிறது, அதை இறக்கி ஓர் இடத்தில் வைத்தால் விசேஷத்துக்கு எடுத்துப்போய்த் திருப்பித் தரலாம் என்றாள். எல்லோருக்கும் அது பிடித்துப்போனது.

தட்டுகளும் டம்ளர்களும் எங்கள் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் எங்கள் வீட்டு அறை ஒன்றுக்கு வந்து சேர்ந்தன. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது. யார் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது என்று படித்துப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்காயிற்று. சிஸ்டர் தந்த டம்ளர்களில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'நர்ஸ்' என்றும் வெட்டியிருந்தது. முதல் சம்பளத்தில் வாங்கி, பாத்திரக் கடைக்காரரிடம் அந்தச் சொல்லையும் சேர்த்து வெட்டச் சொன்னாராம். என் மனைவியும் தன் கல்யாண டம்ளர்கள் எல்லாவற்றையும் கொடுத்தாள்.

விசேஷம் முடிந்து திரும்பி வரும் பாத்திரங்களை எங்கள் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் மறுபடி கழுவுவோம். என் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து தேய்ப்பாள், சிஸ்டர் அலசிக் கவிழ்ப்பார். கடைசியில் சிஸ்டர் எண்ணிப் பார்த்து, "சரியா இருக்குது சார்" என்று உள்ளே குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்காக நான் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு நிறைவாக இருந்த நாட்கள் வேறு இல்லை.

பாத்திரங்கள் காலனியில் ஒரு மஞ்சள் நீராட்டுக்குப் போய் வந்த பிறகு, எங்கள் தெருவில் கேட்பவர்கள் குறைந்தார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த கோடிவீட்டுக்காரர் மட்டும்தான் வாய்விட்டுச் சொன்னார். அவர் வீட்டில் புதுமனை புகுவிழா.

"தப்பா நெனைக்காதீங்க சார். பாத்திரம் எங்கெங்கியோ போய்க்கினு வருது. வீட்ல அம்மா பேஜார் பண்ணுவாங்க. இந்த ஒரு தடவை பேப்பர் கப்பே வாங்கிக்கிறேன்."

எங்கெங்கியோ என்றால் எங்கே என்று எனக்குத் தெரியும். டீக்கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றி வகுப்பில் கொதித்துப் பேசியவன் நான். அதை அன்று அவரிடம் பேசியிருக்கலாம். பேசினால் குழு உடைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், தெருவில் எல்லோரும் மதிக்கும் ஆளாக இருக்கிற சுகம் போய்விடுமே என்றுதான் பயந்தேன். பாத்திரங்களை இரண்டாகப் பிரித்து வையுங்கள் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. அந்த யோசனை என்னுடையது.

மனைவி கோயிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், என் மகள் விட்டுப்போயிருந்த சிவப்பு நகப்பூச்சை எடுத்துக்கொண்டு பாத்திர அறையில் உட்கார்ந்தேன். காலனியிலிருந்து வந்த பாத்திரங்களின் அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். 'நர்ஸ்' டம்ளர்களுக்கும் வைத்தேன். பொட்டு வைத்தவை காலனிக்கு, வைக்காதவை எங்கள் தெருவுக்கு. மண்டிக்காரரிடம் போய், தனித்தனியாகத்தான் போகும் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வந்தேன். அவர் முகம் தெளிந்தது. தெருவில் மறுபடியும் பாத்திரம் கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

சிஸ்டர் கழுவும்போது பொட்டைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டார். எண்ணிக்கைக்காக என்றேன். நல்லதுதான் என்று நம்பினார். என் மனைவி மட்டும் தேய்ப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

அந்த வருஷம் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் எங்கள் குழுவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். ஊரெல்லாம் ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிறோம் என்று மேடையில் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். முதல் வரிசையில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிஸ்டரும் தட்டினார்.

பிறகு அவர் மகளுக்கு வளைகாப்பு வந்தது. பாத்திரம் கேட்க வந்த சிஸ்டர் போகும்போது சொன்னார்: "சார், அக்கா டம்ளர் ஒண்ணு மறக்காம அனுப்புங்க. பொண்ணு அதுலதான் பால் குடிப்பேன்னு சொல்லிக்கினு இருக்கா. பெரியம்மா கை பட்டதாம்."

என் மனைவியின் டம்ளர்கள் பொட்டில்லாத பக்கம் இருந்தன. அதில் ஒன்று காலனிக்குப் போய்த் திரும்பினால், மண்டிக்காரருக்குக் கொடுத்த வார்த்தை பொய்யாகிவிடும். ஒரே ஒரு டம்ளர், யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியுமே என்று நினைத்தேன். எந்த வார்த்தைக்கு உண்மையாக இருக்கப் பார்த்தேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. பொட்டு வைத்த மூட்டைகளை மட்டும் அனுப்பினேன்.

வளைகாப்புக்கு நானும் மனைவியும் போனோம். மகள் கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். பால் காய்ந்து தயாராக இருந்தது. சிஸ்டர் மூட்டைக்குள் கைவிட்டு டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் பார்த்தார். பிறகு பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அடியைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். அடுத்த மூட்டையையும் பிரித்தார். அதிலும் எல்லாமே சிவப்பு. அவர் கை நின்றதை என் மனைவியும் பார்த்தாள். சிஸ்டர் தன்னுடைய 'நர்ஸ்' டம்ளரில் பாலை ஊற்றி மகளிடம் கொடுத்து, "பெரியம்மா டம்ளர் மறந்துபோச்சாம், குடிம்மா" என்றார்.

நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"எண்ணிக்கைக்குன்னு சொன்னீங்களே சார். எண்ணிட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அசிட்டோன் பாட்டிலைத் தேடினேன். வேதியியல்காரன் இல்லையா, கறையைக் கரைக்கத் தெரியும். மூட்டைகள் திரும்பியதும் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறேன் என்றேன்.

"தொடச்சிட்டா நீங்க பண்ணது இல்லன்னு ஆயிடுமா?" என்று என் மனைவி கேட்டாள். நகப்பூச்சை எடுத்து வரச் சொன்னாள். பொட்டில்லாத பாத்திரங்களையெல்லாம் தன் முன்னால் கவிழ்த்து வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தாள். முதலில் தன் கல்யாண டம்ளர்களுக்கு. பாட்டில் காலியானதும் இன்னொன்று வாங்கி வர என்னைக் கடைக்கு அனுப்பினாள். கடைக்காரப் பெண் யாருக்கு என்று கேட்டதற்கு, எனக்கு என்றேன்.

மறுநாள் நானே வீடு வீடாகப் போனேன். இனிமேல் எல்லாப் பாத்திரமும் எல்லோருக்கும் போகும், இதுவரை நான் பிரித்து வைத்திருந்தது தப்பு என்று சொன்னேன். மண்டிக்காரர் சிரித்தார். "அப்போ நீங்களும் எங்க ஆளுதான். மேடையில என்னா பேச்சு பேசினீங்க சார்" என்றார். அவரும் இன்னும் சிலரும் தங்கள் பாத்திரங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவற்றின் அடியிலும் பொட்டு இருந்தது.

சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டார். அவர் மகளுக்குக் குழந்தை பிறந்தது தெரிந்ததும், என் மனைவி ஒரு டம்ளரைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். கால் வலியோடு தானும் வருகிறேன் என்றாள். வேண்டாம், இது நான் போக வேண்டியது என்றேன்.

சிஸ்டர் உட்காரச் சொன்னார். செய்ததை அவர் கண்ணைப் பார்த்து முழுதாகச் சொன்னேன். குழு உடையும் என்று பயந்தேன் என்ற சாக்கை மட்டும் சொல்லவில்லை, அது பாதிதான் உண்மை. அவர் குழந்தையை மடியில் தட்டிக்கொண்டே கேட்டார். பிறகு துணியைப் பிரித்து டம்ளரைத் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு வச்சது?"

"அவளேதான் வச்சா."

விரலால் தடவினார். "வெளிய வழிஞ்சிருக்குது. அக்காவுக்குக் கை நடுங்குது, சுகர் பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை என்றேன். திட்டினார். நாளைக் காலையிலேயே வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு மேல் மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகள் உள்ளிருந்து வந்து டம்ளரை எடுத்துப்போய், அதில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

இப்போது விசேஷங்களுக்குப் பாத்திரம் முன்போல் அதிகம் போவதில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் மறுபடி பேப்பர் கப்புக்குப் போய்விட்டார்கள். மழைக்கு முன் வாய்க்காலில் நான்தான் அதைப் பொறுக்குகிறேன். காலனியிலிருந்தும் அடுத்த நகரிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். சிஸ்டர் சில நாட்களாக வருகிறார், குழுவுக்காக இல்லை, அக்காவுக்கு உதவியாக என்று சொல்லிக்கொண்டு. என் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறாள், நான் தேய்க்கிறேன், சிஸ்டர் அலசிக் கவிழ்க்கிறார். தேய்க்கத் தேய்க்கப் பொட்டுகள் மங்கிவருகின்றன.

எண்ணிப் பார்ப்பதை மட்டும் அவர் செய்வதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் எண்ணி, சரியாக இருக்கிறது சிஸ்டர் என்று வாசல் கேட்வரை போய்ச் சொல்கிறேன். திரும்பிப் பார்க்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.