குப்புறக் கிடந்த கோல்கீப்பர்

அந்தப் பந்து இடது பக்கத்திலிருந்து வந்ததை நான் பார்க்கவே இல்லை. வலையில் மோதிய சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. புனேயில் ஒரு தொழிற்சாலை அணிக்கு நான் கோல்கீப்பர். காலையில் பயிற்சி, மதியம் அலுவலகத்தில் பேருக்கு ஒரு நாற்காலி, மாதச் சம்பளம். மழைக்காலத்தில் மைதானமே செஞ்சேறாகும். அதில் பாய்ந்து விழுந்து எழுந்து, எல்லோருமாகச் சூடான வடாபாவ் தின்போம். அதைவிட நல்ல வாழ்க்கை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அந்தக் கோலுக்குச் சில நாள் முன்பு, ஓர் ஆட்டத்தில் எதிரணிக்காரரின் முழங்கை இடது கண்ணில் இடித்திருந்தது. அப்புறம் பார்வையின் ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டியது, கரும்புள்ளிகள் மிதந்தன. களைப்பு என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு அப்படி இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு வெகுநேரம் பார்த்த டாக்டரம்மா, விழித்திரை விலகல் (கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் கழன்றுபோவது) என்றார்.

"திரும்ப எப்ப ஆடலாம்?" என்று இந்தியில் கேட்டேன்.

"முதல்ல பார்வையைக் காப்பாத்துவோம்" என்றார் அவரும் இந்தியில்.

அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழியை வைத்தார்கள். குமிழி மேலெழும்பிப் படலத்தைக் கண்ணின் பின்சுவரோடு அழுத்த வேண்டும். அதற்காக இரவும் பகலும் நான் குப்புறக் கிடக்க வேண்டும். என் மனைவி சுமதி துண்டைச் சும்மாடு போலச் சுருட்டி, கட்டில் விளிம்பில் நெற்றிக்குக் கொடுத்தாள். வாழ்நாளெல்லாம் பந்தைப் பார்த்தவன், இப்போது மொசைக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்க வந்த அணி நண்பர்களைக் கால்களை வைத்தே அடையாளம் கண்டேன். கறுத்த பெருவிரல் நகம், வளைந்த கணுக்கால். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கழற்றியவர்கள் அல்லவா!

ஒரு மாலை, பக்கத்துக்கொன்றாக விரிந்த இரண்டு பாதங்கள் வாசலிலேயே நின்றன. ஆன்டனி. எங்கள் அணியின் இரண்டாவது கோல்கீப்பர். என் வயதுதான். ஆறு வருடமாக நான் ஆட, அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்கு மேட்ச்ல நீதானே?" என்றேன்.

அவன் மெல்ல உள்ளே வந்து, கட்டிலோரம் தரையில் மல்லாந்து படுத்தான். என் முகத்துக்கு நேர் கீழே அவன் முகம்.

"உனக்கு ஏதாவது ஆகணும்னு ஆறு வருஷமா வேண்டிக்கிட்டேன்டா" என்றான் இந்தியில். "சின்னதா ஒரு சுளுக்கு, அவ்வளவுதான். இது நான் கேட்டதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணுக்குள் குமிழி தளும்பியது. "சிரிக்காதீங்க!" என்று சமையலறையிலிருந்து சுமதி அதட்டினாள். ஆன்டனியும் சிரித்தான். அவன் கண்ணோரத்தில் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. நான் கையைத் தொங்கவிட்டு அதைத் துடைத்தேன்.

படலம் ஒட்டிக்கொண்டது. குமிழி கரைந்தது. ஆனால் அந்தக் கண்ணில் கதவின் நிலை வளைந்து தெரிந்தது, தூரம் பிடிபடவில்லை. இனி முகத்துக்கு நேரே பந்து வரக் கூடாது என்றார் டாக்டரம்மா. பேருக்கு இருந்த நாற்காலி நிஜமானது. ஆன்டனி சில ஆண்டுகள் நன்றாக ஆடினான். போய்ப் பார்த்தேன். நான் பார்த்த முதல் ஆட்டம் முடியும்வரை என்னால் உட்கார முடியவில்லை.

இப்போது புனேயிலேயே விமான் நகரில் இருக்கிறோம். சாலையைக் கடக்கும்போது சுமதி என் இடது பக்கமாகவே வருவாள். "ஏங்க, லெஃப்ட்ல ரிக்‌ஷா!" என்று கத்துவாள். முதுகுக்குப் பின்னால் ஆள் வருகிறது என்று தடுப்பாட்டக்காரர்களிடம் பத்து வருடம் இப்படிக் கத்தியவன் நான். அன்று உதைப்பவனின் இடுப்பு திரும்பும்போதே, பந்து எங்கே வரும் என்று என் உடம்புக்குத் தெரிந்துவிடும்.

இன்று அவள் குரல் முதலில் வருகிறது. நான் நிற்கிறேன். ரிக்‌ஷா போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் அதன் காற்று கன்னத்தில் படுகிறது.