கொஞ்சம் தள்ளி நில்லுங்க

நான் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஜன்னல் இல்லாத அறை. காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் நாலு மணிக்கு வெளியே வரும்போதுதான் அன்றைக்கு வெயிலா மழையா என்று தெரியும். அதனாலோ என்னவோ, நாற்பது வயதுக்கு மேல் சூரியன் மறைவதைப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தது. யாரோ பயன்படுத்திய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கி, ஞாயிறு சாயங்காலங்களில் ஸ்கூட்டியில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் போக ஆரம்பித்தேன்.

அங்கே ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் பெரிய சிமெண்டுத் தொட்டி இருந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது வானம் அப்படியே அந்தத் தண்ணீரில் விழும். முதல் நாள் வேலிக்கு வெளியே நின்று எட்டி எட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துச் சொந்தக்காரர் பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று கேமராவை இறக்கினேன்.

"ஏனுங்க அம்மணி, அங்க நின்னா என்னத்தத் தெரியும்? உள்ள வாங்க."

அறுபதை ஒட்டிய வயது. வெள்ளைப் பனியன், மடித்துக் கட்டிய வேட்டி. குழந்தைகள் இல்லை; தோட்டத்து வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். அதன் பிறகு இரண்டு வருடம், அநேகமாக ஒவ்வொரு ஞாயிறும் போனேன். நான் வந்ததும் தொட்டிக்குத் தண்ணீர் விடும் மோட்டாரை நிறுத்திவிடுவார். "தண்ணி அலையடிச்சா படம் கெட்டுப்போயிருமுங்களே" என்பார். பக்கத்திலேயே நின்று பார்ப்பார். மங்கல் வெளிச்சத்தில் அந்த வெள்ளைப் பனியன் பளிச்சென்று படத்துக்குள் வந்துவிடும்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பேன். உடனே ஒரு தென்னைமரத்துக்குப் பின்னால் போய்விடுவார்.

ஒருநாள் சலவைச் சட்டையும் திருநீறுமாக நின்றிருந்தார். "கண்ணாலத்துக்குப் போயிட்டு வந்தனுங்க. என்னையும் ஒண்ணு புடிச்சுக் குடுங்க அம்மணி" என்றார் கூச்சத்தோடு. அன்றைக்கு மேகம் முழுக்கத் தாமிர நிறம். "இருங்க, இந்த வெளிச்சம் போயிரும். முடிச்சுட்டு எடுக்கறேன்" என்றேன். முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அடுத்த வாரம் எடுக்கிறேன் என்றேன். "அதுக்கென்னுங்க, நா எங்க போறேன்" என்று சிரித்தார். அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு போனபோது தோட்டத்தில் செருப்புகள் குவிந்து கிடந்தன. வேலி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மூன்று நாள் முன்பு விடிகாலையில் மோட்டார் போடப் போனவரை, மரங்களுக்கிடையே நின்றிருந்த யானை அடித்துவிட்டது என்று வாசலில் நின்ற ஒருவர் சொன்னார். என் தோளில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. அதை எங்கே மறைப்பது என்று தெரியவில்லை.

அவர் மனைவி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வருவீங்கன்னுதான் பாத்துட்டிருந்தனுங்க. மாலை போட அவரு படம் ஒண்ணு இல்லீங்க. கண்ணாலப் படத்துல சின்னப் பையனாட்டம் இருக்கறாரு. ஆதார் கார்டுல இருக்கறதப் பெருசு பண்ணாங்க, அது அவராட்டவே இல்லீங்க. உங்ககிட்ட நெறைய இருக்குமுங்களே?"

"இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் திறந்தேன். ஆயிரக்கணக்கான படங்கள். ஒன்றின் ஓரத்தில் ஒரு முழங்கை. ஒன்றில் மோட்டார் அறைப் பக்கம் போகிற முதுகு. ஒரே ஒரு படத்தில் அவர் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தார். ஆனால் வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி கேமராவை வைத்து நான் எடுத்தது. முகம் கரி அப்பியது போல் இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டப் புள்ளி புள்ளியாக உடைந்ததே தவிர கண் தெரியவில்லை. தினமும் சதையைத் தாண்டி எலும்பைப் படம் பிடிக்கிறவளால் ஒரு மனிதரின் முகத்தை வெளியே கொண்டுவர முடியவில்லை.

அதையே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். அவர் மனைவி அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மொகம் தெரியலீங்களே அம்மணி."

"நான்தானுங்க அவரைத் தள்ளி நிக்கச் சொன்னேன். படத்துல விழுந்துருவாருன்னு."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"தெரியுமுங்க. வந்து சொல்லுவாரு. அந்த அம்மணிக்குக் குறுக்க நிக்காமப் பாத்துக்கோணும், டவுன்ல இருந்து அவ்வளவு தூரம் வருதுன்னு."

சுவரில் ஆதார் படத்துக்கே மாலை போட்டார்கள்.

தை மாதம் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அந்த அம்மா அந்தியூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டார். வழியனுப்பப் போயிருந்தேன். "உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டேன். கலைந்த முடியை ஒதுக்கி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றார். நான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனதும் தலையை அசைத்தார்.

"வேண்டாமுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

துணிப்பையை நான் வாங்கிக்கொண்டேன். பஸ் நிற்கும் இடம் வரை இருவரும் நடந்தோம்.