நைட் ஷிப்ட்டை வைத்துப் போட்ட தேதி

என் அக்கா மலர்கொடி இறந்து பதினாறு நாளாகிறது. வந்தவர்கள் எல்லோரும் அவள் செய்த நல்லதையே சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் செய்த தவறு ஒன்றையும் எழுதிவைக்கவேண்டும். மறைத்தால் அவளுக்குப் பிடிக்காது.

ஒரு மருத்துவக் கல்லூரி நடத்திய ஆய்வில் அக்கா களப்பணியாளர். கம்மாபுரம் பக்கத்துக் கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்து எடை, ரத்த அழுத்தம், கடைசியாகத் தூரமான, அதாவது மாதவிலக்கான, தேதி எல்லாம் குறிப்பாள். பலருக்குத் தேதி நினைவிருக்காது. புருஷன் அப்போது எந்த ஷிப்ட் என்பது நினைவிருக்கும். எங்கள் அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். வாரா வாரம் ஷிப்ட் மாறும் குவார்ட்டர்ஸில் வளர்ந்த அக்கா, அதை வைத்தே தேதியைச் சொல்லிவிடுவாள். ஆய்வுத் தலைவர் டாக்டர் எழில்மதிகூட அதைப் பாராட்டியிருக்கிறார்.

பொங்கலுக்குப் பிறகு புருஷனுக்கு முதல் நைட் ஷிப்ட் அன்று தூரமானதாகச் செவ்வந்தி என்ற கர்ப்பிணி சொன்னாள். அக்கா தேதி போட்டாள். செவ்வந்தி முதல் ஸ்கேனுக்கு வந்ததே கடைசி மாதத்தில்தான். அக்காவின் தேதிப்படி முப்பத்தெட்டு வாரம். ஸ்கேனில் குழந்தை மிகச் சிறியது. வளர்ச்சி நின்றுவிட்டதென்று பயந்து, மருந்து ஏற்றி வலி வரவைக்க முடிவு செய்தார்கள்.

அன்று காலை வார்டு வாசலில் செவ்வந்தியின் கணவன் நெடுமாறன் நின்றிருந்தான். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை.

"லீவு போட்டீங்களா?" என்றாள் அக்கா.

"நைட் முடிச்சிகினு நேரா வரேங்க்கா. இந்த மாசம் பூரா நைட்டுதான்."

"வாரா வாரம் மாறாதா?"

"அது பர்மனென்ட்காரங்களுக்குங்க. நாங்க இன்னா மாமியார் வூட்லயா வேல செய்யறோம்? மாசத்துக்கு ஒருக்காதான் மாறும்."

அக்கா சுவரோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மாதம் ஒருமுறை மாறினால், பொங்கலுக்குப் பிறகு அவனுக்கு முதல் நைட் பிப்ரவரி நடுவில்தான். நான்கு வாரம் பிசகியிருந்தது. குழந்தைக்கு முப்பத்துநான்கு வாரம்தான். அந்த வயதுக்குச் சரியான எடை. நுரையீரல் முதிராத பிள்ளையை வெளியே எடுக்கப்போகிறார்கள்.

"டாக்டர், மருந்து ஏத்தாதீங்க. நான் போட்ட தேதி தப்பு."

எழில்மதி நிமிர்ந்து பார்த்தார். "ஆதாரம் இருக்கா? உன் தேதி சரியா இருந்து நான் நிறுத்தினா, குழந்தை உள்ளேயே போயிடும் மலர்."

கான்ட்ராக்ட் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஷிப்ட் பட்டியல் போடுவார்கள். நெடுமாறன் போனைத் தள்ளத் தொடங்கினான். உள்ளே நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் மேல போங்க."

"பொறந்த நாள் வாழ்த்தா வருதுக்கா, லிஸ்ட்டக் காணோமே!"

அக்கா போனை வாங்கித் தானே தள்ளினாள். பிப்ரவரி நடுவில் போட்ட பட்டியல் கிடைத்தது: நைட் ஷிப்ட், நெடுமாறன். அதற்கு முந்தைய மாதப் பட்டியலில் அவன் பகல். டாக்டர் இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தார். குழந்தையின் இதயத் துடிப்பை மறுபடி எடுக்கச் சொன்னார். அது சீராக இருந்தது.

"பாட்டிலைக் கழட்டு."

செவ்வந்தியின் மாமியார் மாணிக்கம்மாள் கத்தினாள்: "ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தா இன்னும் ஒரு மாசமா? இன்னாடி ஆஸ்பத்திரி இது!"

"இப்படி இன்னும் எத்தனை பேருக்குத் தேதி போட்டிருக்கே?" என்று டாக்டர் அக்காவிடம் கேட்டார்.

"கான்ட்ராக்ட் வீடுங்க முப்பத்தொண்ணு, டாக்டர். ஒம்பது பேருக்கு எட்டாம் மாசம் தாண்டிடுச்சு."

செவ்வந்திக்கு நான்கு வாரம் கழித்துப் பெண் பிறந்தது, பிறந்தவுடன் அழுதது. அக்கா அதற்குக் காத்திருக்கவில்லை. பாட்டிலைக் கழட்டிய அன்றே சாப்பிடாமல் ஸ்கூட்டரை எடுத்தாள். அந்த ஒன்பது வீட்டிலும், "உங்க தேதிய நான் தப்பாப் போட்டிருக்கலாம்ங்க" என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். மூன்று வீட்டில் தேதி மாறியது.